ராஜாவா ரஹ்மானா: இசை படிக்காதவர் வாதாடலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: உங்களுக்கு ரஹ்மான், உங்கள் மாமாவுக்கு ராஜா. விசேஷத்துக்கு எல்லோரும் கூடும்போதெல்லாம் இந்தச் சண்டை வருகிறது. பேச்சு முற்றியதும் அவர், "உனக்கு ஸ்வரம் தெரியுமா? தெரியாதவனுக்கு என்னடா பேச்சு?" என்று வாயை அடைத்துவிடுகிறார். நீங்களும் "ரசனை அவரவர் விருப்பம் மாமா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறீர்கள். அதனால் இசை தெரிந்த யாராவது, இருவரில் யார் பெரியவர் என்று சொல்லிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்தால், யார் பெரியவர் என்பது உங்களை அவ்வளவாகப் படுத்துவதாகத் தெரியவில்லை. இசை படிக்காத ஒருவர் இசையைப் பற்றி அடித்துப் பேசலாமா, அப்படிப் பேசினால் அதற்கு மதிப்பு உண்டா என்பதுதான் உறுத்துகிறது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். யார் பெரியவர் என்பதற்கும் கடைசியில் என் வாயால் ஏதாவது வரும்.

என் தகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவன். இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மேடையில் ஒரு பாட்டை வாசிக்க வேண்டுமானால் அதை ரசித்தால் மட்டும் போதாது. கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டி நோட்ஸ் எடுக்க வேண்டும். பாடகர் என்ன பாடுகிறார், வயலின் எங்கே நுழைகிறது, பேஸ் (அடியில் கனமாக ஒலிக்கும் கிட்டார்) எங்கே படி இறங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எழுத வேண்டும். இருவர் பாட்டையும் அப்படிப் பிரித்துப் போட்டுத் திரும்பச் சேர்த்திருக்கிறேன், அவ்வளவுதான். கர்நாடக சங்கீதத்தை முறையாக உட்கார்ந்து படித்தவன் கிடையாது. ராக லட்சணம் பற்றி நுணுக்கமாகக் கேட்க வேண்டியிருந்தால் அதற்கு வேறு ஆள் இருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். மாமா சொல்வது தவறு. நீங்கள் சொல்லிவிட்டு எழுந்து போவதும் தவறு. சினிமாப் பாட்டு ஸ்வரம் தெரியாதவர்களுக்காகவே போடப்படுவது. டீக்கடையில் நிற்பவருக்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்கும் போய்ச் சேரத்தான் அத்தனை பேர் உழைக்கிறார்கள். அவர்களுக்குக் கருத்து இருக்கக் கூடாது என்றால் அந்தப் பாட்டே எதற்கு? அதே சமயம், எல்லாம் அவரவர் விருப்பம் என்று முடித்துவிட்டால், நீங்கள் காதால் கேட்டு உணர்ந்த ஒன்றை நீங்களே தூக்கி எறிகிறீர்கள். பாட்டு என்பது வெளியில் இருக்கிற பொருள். அதில் சில விஷயங்கள் இருக்கின்றன, சில இல்லை. மறுபடி போட்டுக் கேட்டால் இருவருக்கும் அதே இடம்தான் கேட்கும்.

இந்த மாதிரிச் சண்டைகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, ஒருவகைப் பேச்சை இன்னொருவகைப் பேச்சின் சட்டையைப் போட்டு அனுப்புவது. 'சிந்து பைரவி' (1985) படத்தில் 'கலைவாணியே' என்று ஒரு பாட்டு இருக்கிறது. கல்யாணி ராகம், ஆனால் ஆரோகணம் மட்டும்தான். ஸ்வரங்கள் ஏறிக்கொண்டே போகும், படிப்படியாக இறங்கி வருவது கிடையாது. ராஜா ரசிகர்கள் எல்லோரும் இதைச் சொல்லுவார்கள். அது உண்மைதான், யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஆனால் அந்த உண்மை எதை நிரூபிக்கிறது? இசையமைத்தவர் கடினமான ஒரு விதியைத் தனக்குத் தானே போட்டுக்கொண்டார், அதற்குள் நின்று ஒரு பாட்டை முடித்தார் என்பதை நிரூபிக்கிறது. பாட்டு நன்றாக இருக்கிறது என்பது தனிச் சங்கதி. விதி தெரியாமல் கேட்ட லட்சக்கணக்கானவர்களுக்கு அது பிடித்ததற்குக் காரணம் அந்த விதி அல்ல, அந்த விதி துருத்திக்கொண்டு தெரியாமல் போனது. உங்கள் மாமா 'ஆரோகணம்' என்று சொன்னதும் நீங்கள் மிரள வேண்டிய அவசியம் இல்லை. "அப்படியா, சரி. அதனால் பாட்டில் எந்த இடம் அழகாகிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள். அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தால் காட்டுவார், உங்களுக்கும் ஒரு நல்ல இடம் கிடைக்கும்.

அவருக்கு எதிராகவும் இதே கேள்விதான். "ரஹ்மான் பாட்டு எல்லாம் மிஷின்" என்கிறாரா? அது ரசனை சார்ந்த பேச்சு போல ஒலிக்கும், ஆனால் சரிபார்க்கக் கூடிய தகவல், அதுவும் தவறான தகவல். 'திருடா திருடா' (1993) படத்தின் 'ராசாத்தி என் உசுரு என்னுதில்ல' பாட்டைப் போடுங்கள். ஷாகுல் ஹமீது பாடியது. வாத்தியமே கிடையாது, முழுக்க மனிதக் குரல்கள். பின்னால் நிற்கும் கோரஸ்தான் அங்கே ஆர்க்கெஸ்ட்ரா. 'பம்பாய்' (1995) படத்தின் தீம் இசையில் நவீன் குமாரின் புல்லாங்குழல் மூச்சு வாங்குவது வரை கேட்கும். அந்தப் பக்கமும் இதே கதைதான். "ராஜா என்றால் நிஜ வாத்தியம், கம்ப்யூட்டரே தொட மாட்டார்" என்பார்கள். 1986-இல் வந்த 'விக்ரம்' படத்தின் தலைப்புப் பாட்டும் 'புன்னகை மன்னன்' தீமும் என்ன? இரண்டிலும் எலக்ட்ரானிக் ஒலிகள் தூக்கலாகக் கேட்கும். ரஹ்மான் சிறுவயதில் ராஜாவின் குழுவிலேயே கீபோர்டு வாசித்தவர் என்பதும் எல்லோரும் அறிந்ததுதான். இரண்டு பக்கமும் கட்டி வைத்திருக்கும் மதிலில் இவ்வளவு ஓட்டை.

இருந்தாலும் இருவருக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது, அது எங்கே என்று நோட்ஸ் எடுத்தவனாகச் சொல்கிறேன். ராஜா பாட்டை எடுக்க உட்கார்ந்தால் தாளில் எழுதித் தீராது. பாடகர் ஒன்று பாடுவார், அதன் அடியில் பேஸ் கிட்டார் தனியாக இன்னொரு மெட்டையே பாடிக்கொண்டு போகும். 'ரெட்டை வால் குருவி' (1987) படத்தின் 'ராஜ ராஜ சோழன் நான்' பாட்டில் ஏசுதாஸ் குரலைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். பிறகு இன்டர்லூடில் (பாடல் வரிகளுக்கு நடுவே வரும் வாத்திய இசையில்) வயலின்கள் ஒரு பக்கம் கேட்க, குழல் இன்னொரு பக்கம் பதில் சொல்லும். முழுவதும் முன்கூட்டியே தாளில் எழுதப்பட்டு, வாத்தியக்காரர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சேர்ந்து வாசித்தது. இப்படி எழுதப்பட்ட பாட்டுக்கு ஒரு குணம் உண்டு. எட்டுப் பேர் கொண்ட எங்கள் குழுவில் வயலினே இல்லாவிட்டாலும் கீபோர்டில் அந்த வரியை வாசித்தால் ஜனம் கண்டுபிடித்துக் கைதட்டிவிடும். ஒலி மாறினாலும் எழுத்து நிற்கும். 'இளைய நிலா பொழிகிறதே' (பயணங்கள் முடிவதில்லை, 1982) பாட்டின் கிட்டார் வரியைச் சுமாரான கிட்டாரில் வாசித்தாலும் அது 'இளைய நிலா'தான். புதிதாகக் கிட்டாருக்கு வருகிற பையனை அதை வாசிக்கச் சொல்லித்தான் எங்கள் பக்கம் சோதிப்பார்கள்.

ரஹ்மான் பாட்டுக்கு நோட்ஸ் எடுப்பது சுலபம் என்று முதலில் தோன்றும். மெட்டு பிடிபட்டுவிடும், கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) அதிகம் இருக்காது. எழுதி முடித்து மேடையில் வாசித்தால் பாட்டு வரவே வராது. காரணம், பாதிப் பாட்டு ஒலியில் இருக்கிறது. அந்தக் குறிப்பிட்ட சத்தத்தை, நாங்கள் 'பேட்ச்' என்போம், கீபோர்டில் தேடிப் பிடித்துக் கொஞ்சம் திருகிச் சரிசெய்த பிறகுதான் அந்த நோட்ஸுக்கு உயிர் வரும். 'காதலன்' (1994) வந்த வருஷம் ரிதம் பேட் (தட்டினால் தாள ஒலி தரும் எலக்ட்ரானிக் கருவி) இல்லாத குழுக்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவருடைய முறையே வேறு. வீட்டை ஒட்டி 1989-இல் கட்டிய பஞ்சதன் ஸ்டுடியோவில் ஒவ்வொரு கலைஞரையும் தனித்தனியாக வாசிக்க வைத்துப் பதிந்து, அப்புறம் உட்கார்ந்து அடுக்குவார். எதை வைத்துக்கொள்வது, எதை எடுத்துவிடுவது, எது எந்த அளவு சத்தத்தில் கேட்க வேண்டும் என்பதெல்லாம் இசையமைப்பின் ஒரு பகுதியாகிவிடுகிறது. அதனால்தான் அவர் பாட்டுகளைப் பற்றிப் பேசும்போது ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர் பெயரைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

இப்போது பாருங்கள், உங்கள் மாமா கையில் இருப்பது ராஜாவின் அளவுகோல். எத்தனை வரிகள் ஒன்றோடொன்று பின்னுகின்றன என்று எண்ணுகிறார். அந்தக் கோலால் ரஹ்மானை அளந்தால் குறைவாகத்தான் தெரியும். நீங்கள் சவுண்ட் எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு புதிதாக இருக்கிறது என்று பார்க்கிறீர்கள். அதை வைத்து 1980-இல் பதிவான பாட்டை அளந்தால் அது 'பழசாக' ஒலிக்கத்தான் செய்யும். இது நெல் அளக்கிற படியைக் கொண்டு துணி அளக்கிற கதை. இதற்கு அர்த்தம் ஒப்பிடவே கூடாது என்பதல்ல. பாட்டு எதைச் செய்ய முயல்கிறதோ அதைச் செய்து முடித்ததா என்று இரண்டையும் கேட்கலாம். அந்த விஷயத்தில் ரஹ்மான் பாட்டுகளிலும் தேறாதவை உண்டு, ராஜா பாட்டுகளிலும் உண்டு.

இன்னொன்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: எதில் கேட்டீர்கள்? உங்கள் மாமா வயதுக்காரர்கள் ராஜாவை முதலில் கேட்டது கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில், டீக்கடை ரேடியோவில். குழாய் ஸ்பீக்கரில் பேஸ் ஏறக்குறைய கேட்கவே கேட்காது. அதன் அமைப்பு அப்படி, குரலும் குழலும்தான் தூக்கலாக வரும். நான் மேலே சொன்ன பேஸ் வரிகளைப் பலர் இருபது வருஷம் கழித்து நல்ல ஹெட்போன் மாட்டிய பிறகுதான் கண்டுபிடித்தார்கள். அப்படியென்றால் அவர்கள் அந்தக் காலத்தில் ராஜாவை நேசித்தது இன்று சொல்கிற காரணத்துக்காக இல்லை. மெட்டுக்காக, குரலுக்காக, வரிக்காக. காரணம் பின்னால் வந்து சேர்ந்தது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, எனக்கும் அப்படித்தான். ஆனால் விவாதத்தில் 'நான் ஏன் இதை நேசித்தேன்' என்பதும் 'இது ஏன் நல்ல வேலை' என்பதும் வேறு வேறு கேள்விகள் என்று தெரிந்து பேசினால் பாதிச் சத்தம் குறையும்.

'காப்பி' என்ற குற்றச்சாட்டும் கட்டாயம் வரும், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். இதில் ஓரளவுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியும். ஒரே ராகம் என்பது காப்பி இல்லை. 'ராஜ ராஜ சோழன்' கீரவாணி, 'பாடும் பறவைகள்' படத்தின் 'கீரவாணி' பாட்டும் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே பாட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரே கார்டு வரிசை என்பதும் காப்பி இல்லை, உலகத்துப் பாட்டுகளில் பாதி நாலைந்து கார்டு வரிசைகளுக்குள் ஓடுகிறது. ஒரே தாள நடை, ஒரே வாத்தியச் சத்தம், இதெல்லாம் செல்வாக்கு. ஸ்வரங்கள் அதே வரிசையில், அதே கால அளவில், இரண்டு மூன்று வரிக்கு மேல் அப்படியே வந்தால் அங்கே கேள்வி கேட்கலாம். அப்போதும் ஒளித்து எடுத்ததா, சொல்லிவிட்டு எடுத்ததா என்று பார்க்க வேண்டும். 1986-இல் ராஜா வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பில் ஜெர்மானிய இசைமேதை பாக்கின் வயலின் இசையை எடுத்துக் கையாண்ட ஒரு பகுதி இருக்கிறது, அதன் தலைப்பிலேயே பாக்கின் பெயரையும் வைத்துவிட்டார். 'சிந்து பைரவி'யில் 'மரி மரி நின்னே' தியாகராஜர் கீர்த்தனை. காம்போதி ராகத்தில் பாடப்பட்டு வந்ததை சாரமதி ராகத்தில் போட்டு, 'பாடறியேன் படிப்பறியேன்' என்ற நாட்டுப்புறப் பாட்டோடு கொண்டுபோய் இணைத்தார். வித்வான்கள் சிலருக்குக் கோபம். அவர்கள் கோபத்துக்கு ஒரு நியாயம் உண்டு, கீர்த்தனைக்கு ராகம் உடம்பு மாதிரி என்று நினைப்பவர்கள் அவர்கள். ஆனால் கதையே அந்தச் சண்டையைப் பற்றியது என்பதால் படத்துக்குள் அது கச்சிதமாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம். இங்கே இரண்டு பேரும் தகவலை ஒப்புக்கொண்டு, மதிப்பீட்டில் மட்டும் மோதுகிறார்கள். நல்ல விவாதம் என்று நான் சொல்வது இதைத்தான்.

மாமாவும் நீங்களும் விருதைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள் என்று தெரியும். 1992-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதில் நடந்ததைச் சொல்லுங்கள், இரண்டு பேருமே அடங்கிவிடுவீர்கள். ஒரு பக்கம் 'தேவர் மகன்', ஒரு பக்கம் 'ரோஜா', அதுவும் ரஹ்மானுக்கு முதல் படம். நடுவர் குழுவின் வாக்குகள் சமமாகப் பிரிந்து நின்றன, தலைவராக இருந்த பாலு மகேந்திரா தன் வாக்கை 'ரோஜா'வுக்குப் போட்டார் என்பது பரவலாகப் பதிவான செய்தி. அந்த பாலு மகேந்திரா யார்? ராஜாவின் 100-ஆவது படமான 'மூடுபனி' (1980) தொடங்கி, தன் கடைசிப் படமான 'தலைமுறைகள்' வரை ராஜாவோடு இருந்தவர். அவரே அப்படி வாக்களித்தார் என்று நீங்கள் குதிக்கலாம். அதே வருஷம் சிறந்த பின்னணிப் பாடகிக்கான விருது 'தேவர் மகன்' பாட்டுக்காக எஸ். ஜானகிக்குப் போனது என்று மாமா குதிக்கலாம். இதிலிருந்து எனக்குப் புரிவது வேறு. இசை தெரிந்த, சினிமா தெரிந்த ஒரு கூட்டம் அறைக்குள் உட்கார்ந்து இரண்டையும் கேட்டுவிட்டு, பாதிக்குப் பாதி பிரிந்திருக்கிறது. அறிவு இருந்தால் ஒரே முடிவு வந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த ஒரு சம்பவம் போதும். இன்னொன்று: தேசிய விருதில் இப்போது பாடல்களுக்கு ஒன்று, பின்னணி இசைக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். 2009-ஆம் ஆண்டுக்கான பின்னணி இசை விருது மலையாளப் படமான 'பழசிராஜா'வுக்காக ராஜாவுக்குக் கிடைத்தது. 'சிறந்த இசை' என்று மொத்தமாக ஒன்றைச் சொல்வது கஷ்டம் என்று விருது கொடுப்பவர்களுக்கே தெரிந்திருக்கிறது. நாம் மட்டும் ஒரு மனிதரின் ஆயிரம் படத்தை இன்னொரு மனிதரின் முப்பது வருஷத்தோடு ஒரே வார்த்தையில் மோதவிடுகிறோம்.

வயது விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. மேடையில் 'இந்தப் பாட்டைப் பாடுங்கள்' என்று சீட்டு வரும். சீட்டைப் பார்த்தே எழுதியவர் எந்த வருஷம் கல்லூரி முடித்தார் என்று ஏறக்குறைய சொல்லிவிடுவோம். பதின்பருவத்திலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட பாட்டு மனதில் ஆழமாக ஒட்டிக்கொள்கிறது என்பது உளவியல் ஆய்வுகளிலும் சொல்லப்பட்டிருக்கிறது. 'அன்னக்கிளி' (1976) வந்தபோது இளவட்டமாக இருந்தவருக்கும் 'ரோஜா' வந்தபோது இளவட்டமாக இருந்தவருக்கும் நடுவில் நடக்கிற சண்டையில் பெரும்பகுதி இதுதான். எம்.எஸ்.வி. ரசிகர்கள் ராஜாவைப் பற்றி முனகியதை நான் சிறுவனாகக் கேட்டிருக்கிறேன், "வார்த்தையே கேக்கல, ஒரே வாத்தியச் சத்தம்" என்று. அதையே உங்கள் மாமா இன்று ரஹ்மானுக்குச் சொல்கிறார். கொஞ்ச நாளில் நீங்கள் அனிருத்துக்குச் சொல்வீர்கள், ஒருவேளை இப்போதே சொல்லிக்கொண்டும் இருக்கலாம். இந்த ஒட்டுதலில் எவ்வளவு பாட்டின் தரம், எவ்வளவு நம் இளமை என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, யாராலும் முடியும் என்று நான் நம்பவும் இல்லை. ஆகவே அந்தப் பகுதியை வாதமாக வைக்காமல் வாக்குமூலமாக வைக்கலாம். "இந்தப் பாட்டைக் கேட்டால் எனக்கு அந்த ஹாஸ்டல் ரூம் ஞாபகம் வருகிறது" என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது, மறுக்க வேண்டியதும் இல்லை.

இந்த இரட்டைப் போட்டியால் எனக்கு உண்மையிலேயே வருத்தம் எதில் என்றால், மற்றவர்கள் பெயரே அடிபடாமல் போவதில்தான். 'மலரே மௌனமா' பாட்டை ராஜா பாட்டு என்று சொல்லி என்னிடம் பந்தயம் கட்டியவர்கள் இருக்கிறார்கள். அது 'கர்ணா' (1995) படத்துக்கு வித்யாசாகர் போட்டது. 'உன்னிடம் மயங்குகிறேன்' (தேன் சிந்துதே வானம், 1975) யாருடையது என்று கேட்டால் எம்.எஸ்.வி. என்று பதில் வரும், போட்டவர் வி. குமார். பிடித்த பாட்டை எல்லாம் பிடித்த பெயரின் கணக்கில் எழுதிவிடுவது நம் பழக்கம். வகுப்பில் சில சமயம் பெயர் சொல்லாமல் ஓர் இன்டர்லூடை மட்டும் போட்டுப் பிள்ளைகளிடம் யாருடையது என்று கேட்பேன். பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் இன்னும் வேடிக்கையாக இருக்கும். பெயர் தெரியாதபோது அவர்கள் சொல்லும் கருத்து, பெயர் தெரிந்தபோது சொல்வதைவிடக் கூர்மையாக இருக்கும்.

படங்களைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அங்கே நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் வசூல் நடுவில் புகுந்துவிடுகிறது. 'இருவர்' (1997), 'அன்பே சிவம்' (2003) எல்லாம் வந்தபோது ஓடவில்லை, இன்று கொண்டாடுகிறார்கள். ஓடாததால் நல்ல படம் என்று ஆகிவிடாது, ஓடியதால் மோசம் என்றும் ஆகிவிடாது. ஆனந்த விகடன் '16 வயதினிலே' படத்துக்கு 62.5 மார்க் போட்டது அந்தக் காலத்தில் பெரிய பேச்சு. அந்த அரை மார்க் எந்தக் காட்சிக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் விமர்சனத்தின் பத்திகளில் எந்தக் காட்சி, எந்த நடிப்பு என்று எழுதியிருப்பார்கள் அல்லவா, சண்டை போட வேண்டியது அதோடு. மார்க்கோடு சண்டை போட்டு என்ன கிடைக்கும்?

அடுத்த தடவை மாமாவோடு உட்காரும்போது ஆள் பெயரைச் சொல்லித் தொடங்காதீர்கள். ஒரு பாட்டைச் சொல்லுங்கள், முடிந்தால் பாட்டுக்குள் ஓர் இடத்தைச் சொல்லுங்கள். 'முதல் சரணத்துக்கு முன்னால் குழல் வருகிற இடம்' என்று சொன்னால் போதும், அதற்கு ஸ்வரம் தெரிய வேண்டியதில்லை. போனில் அந்த இடத்தைப் போட்டே காட்டிவிடுங்கள். அங்கே உங்களுக்கு என்ன நடக்கிறது என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். "இங்கே எல்லாம் நின்று போய் குரல் மட்டும் தனியாக விடப்படுகிறது, அதனால் அந்த வரி கனக்கிறது" என்று சொன்னால் அது முழுமையான விமர்சனம். எந்தப் பாட்டைக் காட்டினால் ரஹ்மானுக்கும் கைவேலை தெரியும் என்று ஒப்புக்கொள்வீர்கள் என்று மாமாவிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். "எதைக் காட்டினாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்" என்று அவர் சொன்னால் விவாதம் முடிந்தது, சாப்பிடப் போகலாம். அதே கேள்வியை அவர் உங்களிடம் கேட்டால் உங்களிடமும் பதில் இருக்க வேண்டும்.

என் கணக்கைச் சொல்கிறேன், இது தீர்ப்பு இல்லை. வாத்தியங்களை ஒன்றோடொன்று பேச வைப்பதிலும், ஒரு காட்சியின் பின்னால் எங்கே இசை வர வேண்டும் எங்கே வாயை மூட வேண்டும் என்று அறிவதிலும் ராஜாவுக்குப் பக்கத்தில் எனக்கு யாரும் தெரியவில்லை. அதே ராஜா தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தன் பழைய அச்சிலேயே வார்த்த பாட்டுகள் நிறைய, நோட்ஸ் எடுக்கும்போதே அடுத்த வரி என்னவென்று தெரிந்துவிடும். பல்லவி, இன்டர்லூட், சரணம் என்ற சட்டகத்தை உடைத்துப் பாட்டை வேறு வடிவங்களுக்குக் கொண்டுபோனதிலும், ஒலியையே உணர்ச்சியாக மாற்றியதிலும் ரஹ்மான் செய்தது பெரிய காரியம். ஆனால் தமிழ் தெரியாத பாடகர்களைப் பாட வைத்து, வார்த்தை கடிபட்டு வெளிவந்த பாட்டுகளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அந்த இடத்தில் மாமா பக்கம்தான் நான்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் 'மெல்லத் திறந்தது கதவு' (1986) படத்திலிருந்து தொடங்குங்கள். எம்.எஸ்.வி., ராஜா இரண்டு பேர் பெயரும் டைட்டிலில் சேர்ந்து வருகிற படம். மெட்டு எம்.எஸ்.வி.யுடையது, வாத்திய அமைப்பு ராஜாவுடையது என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. 'வா வெண்ணிலா' பாட்டைப் போட்டுவிட்டு, இதில் பிடித்தது மெட்டா, பின்னால் ஓடுகிற வாத்தியமா என்று மாமாவிடம் கேளுங்கள். உங்களுக்கு எது என்பதை முன்னாலேயே ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளுங்கள், அவர் சொன்னதைக் கேட்டு மாற்றிவிடாமல் இருக்க.